குளிர் தேடும் குட்டிக் கெளுத்தி

மீன் தொட்டி வாங்கப் போனால் ஃபில்டர், விளக்கு, ஹீட்டர் மூன்றையும் சேர்த்தே கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வண்ண மீன் என்றாலே அதற்குச் சூடு வேண்டும் என்ற எண்ணம் அப்படி ஊறிப்போயிருக்கிறது. அதே கடையின் மூலைத் தொட்டியில் பாருங்கள்: மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகளோடு, மீசையால் தரையைத் துழாவியபடி ஒரு சிறு கூட்டம் திரியும். ‘பெப்பர்ட் கோரி’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெரிய மீனே 7 சென்டிமீட்டர்தான் இருக்கும். இந்தக் கெளுத்திக்குச் சூடுதான் எதிரி. அதைச் சொல்லி விற்கிற கடை மிகக் குறைவு.

இதன் தாயகம் அமேசானுக்கு வெகு தெற்கே இருக்கிறது. உருகுவே, பிரேசிலின் தென்கோடி, அர்ஜென்டினாவின் வடகிழக்குப் பகுதி என லா பிளாட்டா ஆற்றுப் படுகையின் ஓடைகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழ்கிறது. அந்த வட்டாரத்துப் பெருநகரமான புவனோஸ் ஐரிஸில் ஜூலை மாதச் சராசரி வெப்பம் சுமார் 11 டிகிரி. ஆண்டுக்கு ஒருமுறை நிஜமான குளிர்காலத்தைப் பார்த்து வளர்ந்த இனம் இது. பீகிள் கப்பலில் சென்ற சார்லஸ் டார்வின் சேகரித்து வந்த மீன்களில் இதுவும் ஒன்று. லியோனார்டு ஜெனின்ஸ் 1842-இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். நெடுங்காலம் கோரிடோராஸ் பேலியேட்டஸ் என்றே வழங்கிவந்தது. 2024-இல் அந்தப் பெரிய பேரினத்தைப் பிரித்தபோது ஹோப்லிசோமா பக்கம் போய்விட்டது. கடைக்காரருக்கு இன்றும் கோரிதான்.

இதற்கு ஏற்ற வெப்பம் 18 முதல் 23 டிகிரி வரை. 25 வரை சமாளிக்கும். சென்னையிலோ மதுரையிலோ ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டிவிடுகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையக்கூடியது, 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். மீனின் உடம்போ சூட்டில் வேகமாக இயங்கி, கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். வரவு சுருங்குகிற நேரத்தில்தான் செலவு ஏறுகிறது.

இங்கே இந்த மீனுக்கு ஒரு தனித் திறமை உண்டு. தரையில் மேய்ந்துகொண்டிருப்பது திடீரென்று செங்குத்தாக மேலே பாய்ந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் கீழே இறங்கும். விழுங்கிய காற்று குடலின் பின்பகுதிக்குப் போகிறது. அங்கே மெல்லிய சுவரும் அடர்ந்த ரத்த நாளங்களும் இருப்பதால் ஆக்சிஜன் நேரே ரத்தத்தில் கலக்கிறது. செவுளோடு குடலாலும் மூச்சுவிடும் மீன். அவ்வப்போது இப்படி மேலே வந்து போவது இயல்பு, பார்க்கவும் அழகு. ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டமே மேலும் கீழும் ஓடினால் அது விளையாட்டல்ல, தண்ணீரில் மூச்சு போதவில்லை. மற்ற மீன்கள் செத்து மிதக்கும் தண்ணீரிலும் கோரி தாக்குப்பிடித்துவிடுவதால், ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். அது நன்றாக இல்லை, தாங்கிக்கொண்டிருக்கிறது. குளிர்ச்சியான நல்ல தண்ணீரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ வேண்டிய மீன், ஒன்றிரண்டு கோடைகளிலேயே தேய்ந்து போகிறது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது வெப்பமானி. ஒரு மாதம் தண்ணீரின் சூட்டைக் காலையும் மதியமும் பார்த்துக் குறித்துவிட்டு, அதன் பிறகு மீனைப் பற்றி யோசியுங்கள். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா வீடுகளுக்கு இந்த மீன் இயல்பாகவே பொருந்தும். அங்கே ஜனவரி இரவில் தண்ணீர் 15-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். சமவெளியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இருந்தால் கவலையில்லை, ஆனால் அதன் விலை தொட்டியின் விலையைவிடப் பல மடங்கு. தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறிய மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். கோவை போன்ற ஊர்களின் வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்கிறது. கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவாக இல்லை. பனிக்கட்டி போடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். சட்டென்று இறங்கி மறுபடி ஏறும் சூடு, நிலையான சூட்டைவிட மீனை அதிகம் வாட்டும்.

தண்ணீர் மாற்றும்போதும் கவனம் வேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் மாடித் தொட்டியிலிருந்து வருவது கிட்டத்தட்ட வெந்நீர். முந்தைய இரவே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்து, ஆன்டி குளோரின் கலந்து, விடிந்ததும் ஊற்றுவது நல்லது. வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும்.

இத்தனையும் முடியாது என்றால், சமவெளி வாசகர்களுக்கு என் யோசனை: பெப்பர்ட் கோரியை விட்டுவிட்டு ஸ்டெர்பாய் கோரியை வாங்குங்கள். பிரேசில், பொலிவியா எல்லையில் ஓடும் குவாப்போரே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. 27, 28 டிகிரியிலும் வசதியாக இருக்கும்.

தொட்டி இரண்டரை அடி நீளம் இருக்கட்டும். ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். தனியே விட்ட கோரி மூலையில் ஒடுங்கிவிடும். தரைக்கு மென்மையான மணல் கட்டாயம். இந்த மீன் மூக்குவரை மணலில் புதைந்து, அதை வாயில் அள்ளி, தின்னக்கூடியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே விடும். கூரான கற்களும் அழுக்குத் தரையும் சேர்ந்தால் மீசை தேய்ந்து, புண்ணாகி, மழுங்கிப்போகும். தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லி விற்பார்கள்; நம்பாதீர்கள். மற்ற மீன்கள் விட்ட மிச்சத்தில் அது வாழ முடியாது. விளக்கை அணைத்த பிறகு, தரைக்கு இறங்கும் உணவு வில்லைகளைப் போடுங்கள். சாக்கடையில் அள்ளிய ட்யூபிஃபெக்ஸ் புழு நோயைக் கொண்டுவரும். உறைய வைத்த ரத்தப்புழுவே மேல். பிடிக்கும்போது வலை வேண்டாம். துடுப்பின் முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், வலையில் சிக்கிக் காயப்படும். ஒரு கிண்ணத்தால் முகந்து எடுங்கள்.

குளிர்ச்சியின் அருமை முட்டையிடும் காலத்தில் நன்றாகத் தெரியும். தொட்டி நீரைவிட சில டிகிரி குளிர்ந்த தண்ணீரைச் சேர்த்தால், மலையில் மழை பெய்து ஓடை பெருகிவிட்டது என்று மீன் எடுத்துக்கொள்கிறது. ஆண்கள் பெண்ணைத் துரத்தத் தொடங்கும். பெண் தன் வயிற்றுத் துடுப்புகளைக் கைபோலக் குவித்து இரண்டு, மூன்று முட்டைகளை ஏந்திச் சென்று கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிவிட்டு மறுபடி வரும். பெற்றோரே முட்டைகளைத் தின்றுவிடுவதால் விரலால் மெல்ல உருட்டி எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். சுமார் ஐந்து நாளில் பொரியும். குஞ்சுகளின் மஞ்சள்கருப் பையில் உள்ள உணவு தீர்ந்ததும், ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகையின் குஞ்சுகளைக் கொடுக்கலாம்.

ஒரே ஈட்டில் நூறுக்கு மேல் முட்டை வரலாம் என்பதால் குஞ்சுகள் யாருக்கு என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நண்பருக்கோ கடைக்கோ கொடுங்கள். ஓடையிலோ ஏரியிலோ விட வேண்டாம். தொட்டியில் பெரிதாகிவிட்டது என்று விட்ட சக்கர் மீன்கள் தமிழகத்தின் ஏரிகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. நீலகிரியின் ஓடைகள் கோரிக்கும் பிடித்த குளிரில்தான் ஓடுகின்றன. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் சிறு மீன்களுக்குப் போக வேறிடமில்லை.