பேய் அல்ல... நோய்! கீழ்ப்பாக்கம் கதவைத் திறந்துவிட்ட டாக்டரம்மா

தட்டாஞ்சாவடி:

ராத்திரி தூக்கம் கிடையாது. தனக்குத்தானே பேச்சு. "சோத்துல விஷம் வச்சிட்டாங்க" என்று கூச்சல். குளிப்பதில்லை, வேலைக்கும் போவதில்லை.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் நம்ம ஊரில் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, மந்திரிப்பவரைத்தான். தாயத்து, எலுமிச்சம்பழம், கோவில், தர்கா என்று சுற்றி, கையில் இருந்த காசெல்லாம் கரைந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது இரட்டை அடி. நோயாளியின் சம்பளம் நின்றுபோகும். அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் வேலையை விட வேண்டும்.

இந்த நோயின் பெயர் மனச்சிதைவு. டாக்டர்கள் ஸ்கிசோபிரினியா என்பார்கள். இல்லாத குரல் காதில் கேட்கும். யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்கிறது. சம்பாதிக்கத் தொடங்கும் வயதில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். பில்லி சூனியமும் காரணம் இல்லை, அம்மா வளர்த்த விதமும் காரணம் இல்லை.

இவர்களுக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்.

17 வருஷம்

1923-ல் மங்களூரில் பிறந்து, சென்னையில் டாக்டருக்குப் படித்து, பெங்களூரில் மனநல மருத்துவப் பயிற்சி பெற்றவர். 1959-ல் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். 1961-ல் அதன் கண்காணிப்பாளர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். 1978-ல் ஓய்வு பெறும் வரை 17 வருஷம் அங்கேயே இருந்தார்.

"என்னப்பா, கீழ்ப்பாக்கம் கேசா?" என்று சினிமாவில் காமெடி பண்ணுவார்களே, அதே ஆஸ்பத்திரிதான். 1794-ல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. சொந்தபந்தங்கள் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போன நோயாளிகள் அங்கே ஏராளம்.

அவர் பொறுப்புக்கு வந்தபோது மருந்து இருந்தது. குளோர்புரோமசின் என்ற மாத்திரையை பாரீஸ் டாக்டர்கள் 1952-லேயே மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. ஆனால் மாத்திரை மட்டும் போதாது என்பதை சாரதா மேனன் புரிந்துகொண்டார். காலையில் வந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் புறநோயாளிப் பிரிவை வளர்த்தார். உள்ளே இருந்தவர்களுக்கு கைத்தொழில் பழக்கினார். குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பேசினார். மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு வர முயற்சி எடுத்தார்.

ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1984-ல் டாக்டர் தாரா உள்ளிட்டோருடன் சேர்ந்து சென்னையில் 'ஸ்கார்ப்' அமைப்பைத் தொடங்கினார். குணமாகி வருபவருக்கு வேலைப் பயிற்சி கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. கையில் நாலு காசு வந்தால்தானே வீட்டில் மரியாதை! இதே அமைப்பு 2010-ல் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்சையே அனுப்பியது. பஸ்சுக்குள் டி.வி. திரையில் சென்னை டாக்டர் பேசுவார், மருந்தும் அங்கேயே கிடைக்கும்.

1992-ல் பத்மபூஷண், 2016-ல் தமிழக அரசின் அவ்வையார் விருது. 2021 டிசம்பர் 5-ந்தேதி சென்னையில் காலமானார். வயது 98.

சங்கிலி

அவர் எதை எதிர்த்துப் பாடுபட்டார் என்பதை நாடே பார்த்தது ஏர்வாடியில். 2001 ஆகஸ்டு 6-ந்தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகிச் செத்தார்கள்.

2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. 2018 மே மாதம் முதல் இது அமலில் இருக்கிறது. தீராத மனநோயை ஊனமாகக் கருதி சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது.

பாதியில் நிறுத்தாதீங்க

பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கும் இடம் இதுதான். ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டதும் ஆள் தெளிந்துவிடுவார். "இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவார்கள். சில மாதங்களில் நோய் திரும்ப வரும், சில நேரம் முன்பைவிட மோசமாக. தூக்கம் அதிகம், உடம்பு பெருக்கிறது என்றால் டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுப்பார். தினமும் மாத்திரை போட மறுப்பவருக்கு 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

தட்டாஞ்சாவடிக்காரர்கள் இதற்காக சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. கோரிமேடு ஜிப்மரிலும், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நோயாளி வர மறுத்தால் முதலில் வீட்டில் உள்ளவர்கள் போய் டாக்டரிடம் யோசனை கேட்கலாம். போனிலேயே கேட்க, மத்திய அரசின் 'டெலிமனாஸ்' எண் 14416. கட்டணம் இல்லை. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.