கண்ணீர் காய்ந்த பிறகு

என் நண்பர் ஒருவர் ஸினிமாவுக்குப் புறப்படும்போது இரண்டு கைக்குட்டைகள் எடுத்துக்கொண்டு போவார். ஒன்று வியர்வைக்கு, மற்றொன்று கண்ணீருக்கு. படம் முடிந்து வெளியே வந்ததும் இரண்டாவது கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்து, அது எவ்வளவு நனைந்திருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி படத்துக்கு மார்க்குக் கொடுப்பார். அடுத்த வாரம் அந்தப் படத்தின் கதையைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

அவரைப் பரிகாசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படி அழுதவன்தான். கதாநாயகியின் தாயார் இருமத் தொடங்கி, பின்னணியில் பத்து வயலின்களும் சேர்ந்துகொண்டால் யாருக்குத்தான் தொண்டை அடைக்காது? ஆனால் அந்தக் கண்ணீர் ஹோட்டலில் காப்பி வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. நான் இங்கே சொல்ல வந்தது வேறு விதமான ஒரு படத்தைப் பற்றி. அது நம்முடன் வீட்டுக்கே வந்து தங்கிவிடுகிறது.

1955-ஆம் வருஷம் வெளியான 'பதேர் பாஞ்சாலி' என்னும் வங்காளிப் படந்தான் அது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவலைத் தழுவி ஸத்யஜித் ராய் எடுத்தது. ராய் அப்போது ஒரு விளம்பரக் கம்பெனியில் சித்திர வேலை பார்த்து வந்தார். காமிராக்காரராக அமர்ந்த ஸுப்ரத மித்ரர் அதற்குமுன் ஸினிமாக் காமிராவை இயக்கியதே இல்லை. 1952-இல் தொடங்கிய படம் பணமில்லாமல் நின்று நின்று நகர்ந்தது. மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்காள சர்க்கார் கைகொடுத்தது. அந்தத் தொகையைச் சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதினார்களாம். 'பதேர் பாஞ்சாலி' என்றால் 'பாதையின் பாட்டு' அல்லவா? குமாஸ்தாவின் பேரில் குற்றம் சொல்லக் கூடாது!

கதை மிகவும் சிறியது. ஏழைப் புரோகிதர் ஹரிஹரர், அவர் மனைவி ஸர்வஜயா, மகள் துர்க்கா, மகன் அபு, இவர்களோடு ஒண்டிக்கொண்டிருக்கும் இந்திர் என்னும் கிழவி. பிழைப்புத் தேடி வெளியூர் போன ஹரிஹரர் பல மாதங்கள் கழித்துத் திரும்பி வருகிறார். இதற்குள் மழையில் நனைந்து ஜுரங் கண்ட துர்க்கா இறந்துவிட்டாள். அவருக்கு அது தெரியாது. வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். துர்க்காவுக்கென்று வாங்கிய சேலையையும் நீட்டுகிறார். ஸர்வஜயா வாய்விட்டுக் கதறுகிறாள். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் ஒலிக்கிறது. இசை அமைத்தவர் ரவிசங்கர். மகளைப் பறிகொடுத்தவளின் அழுகையைக் காதால் கேட்க நமக்குத் தகுதியில்லை என்று டைரக்டர் நினைத்தாரோ என்னவோ!

சென்னையில் கல்லூரியில் படித்தபோது இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அந்தச் சேலையைப் பற்றித்தான் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் இருபது வருஷங்களுக்கு மேலாக என்னைத் தொடர்ந்து வந்திருப்பது அதுவல்ல, ஒரு செம்புத் தண்ணீர்.

இந்திர்க் கிழவியைப் பற்றிச் சொன்னேன். கூன் விழுந்த முதுகு, பல்லில்லாத வாய், அதில் குழந்தையின் சிரிப்பு. துர்க்கா தோப்பிலிருந்து கொய்யாப்பழம் திருடி வந்து அவளுக்குக் கொடுப்பாள். ஸர்வஜயாவுக்கோ கிழவியைக் கண்டால் ஆகாது. கோபித்துக்கொண்டு மூட்டையும் பாயுமாகப் போன கிழவி, உடம்பு தள்ளாமல் ஒரு நாள் திரும்பி வருகிறாள். ஸர்வஜயா முகம் கொடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கும் எழுந்து தரவில்லை. கிழவி தானே எடுத்துக் குடிக்கிறாள். மிச்சத்தை முற்றத்துச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போய்விடுகிறாள். பிறகு மூங்கில் தோப்பில் குழந்தைகள் அவளைக் காண்கிறார்கள். தூங்குகிறாள் என்று எண்ணித் துர்க்கா தொட்டு அசைக்கிறாள். உடல் சாய்ந்து விழுகிறது.

இந்திராக நடித்த சுனிபாலா தேவிக்கு அப்போது வயது எண்பது. பழைய நாடக நடிகை. படம் முடியும்வரை அந்த அம்மாள் உயிரோடிருந்ததை ராய் ஓர் அற்புதமாகவே கருதினார். படம் வெளியாகுமுன் அவர் காலமாகிவிட்டார்.

இருபது வயதில் எனக்கு ஸர்வஜயாவின்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. சென்ற நவராத்திரி விடுமுறையில் அதே படத்தை வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். எங்களோடு என் அத்தையும் பார்த்தாள். என் தகப்பனாரின் தமக்கை. வயது எண்பத்து நான்கு. சிறு வயதில் கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். என்னைத் தூக்கி வளர்த்தவள். வங்காளி பாஷை அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தண்ணீர்க் காட்சி வந்தபோது என் மனைவி, "இப்படியும் ஒரு பெண் இருப்பாளா!" என்றாள்.

"அவளைச் சொல்லி என்னம்மா பிரயோஜனம்?" என்றாள் அத்தை. "பானையில் அரிசி இல்லாத வீட்டில் நாக்கிலேதான் நெருப்பு இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுப் பானையில் அரிசிக்குக் குறைவில்லை. ஆனால் அத்தை இரவில் இரண்டு தடவையாவது எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பது வழக்கம். அந்தக் காலடிச் சப்தம் எனக்குக் கேட்கும். கேட்டும் கேளாததுபோல் புரண்டு படுத்துக்கொள்வது என் வழக்கம். காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டுமே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன். இது ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பல வருஷங்களாக நடந்து வந்தது.

அன்று இரவும் அந்தச் சப்தம் கேட்டது. எழுந்து போய் விளக்கைப் போட்டேன். அத்தை திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நீ ஏண்டா எழுந்து வந்தே?"

"இருங்கள், அத்தை. நான் எடுத்துத் தருகிறேன்" என்றேன்.

தம்ளரை வாங்கிக் குடித்தாள். என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாம் படம் பார்த்த தோஷம்! எத்தனை நாளைக்கு இருக்குமோ?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே படுக்கப் போனாள்.

நாலு மாதமாகிறது. பரணிலிருந்த பழைய கூஜா இப்போது அவள் தலைமாட்டில் இருக்கிறது. படுக்கப் போகுமுன் அதில் தண்ணீர் நிரப்பி வைப்பது என் வேலை. போன வாரம் இரண்டு நாள் மறந்துவிட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.