கை வறண்டால் மூளைக்கும் பாரம்

கடன்காரர் வந்துவிட்டுப் போகிறார். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. யாரும் கவனிக்கவில்லை. “மூளை இருக்கிறதா?” என்று திட்டு விழுகிறது. மூளை இருக்கிறது. அது கடன் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது!

ஏர்பேட்டில் வேர்க்கடலை போடுபவருக்கு இது தெரியும். விளைச்சல் விற்கும்வரை கையில் காசு இருக்காது. கரும்பு போடுபவருக்கும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒரு முறைதான் பணம் வரும்.

தமிழ்நாட்டில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளிவந்தது. வெட்டுக்கு முன்பு நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பணம் வந்தபின் 4 பேர்தான்.

சோதனை என்ன? 5 5 5 என்று காட்டுவார்கள். எத்தனை எண்கள் இருக்கின்றன? மூன்று என்று சொல்ல வேண்டும். வாயோ ஐந்து என்று சொல்லப் பார்க்கும். நீங்களும் செய்து பாருங்கள். படப் புதிர்களும் கொடுத்தார்கள்.

வெட்டுக்கு முன்பு தவறுகள் அதிகம். நேரமும் அதிகம் பிடித்தது. பணம் வந்தபின் அதே ஆள் நன்றாகச் செய்தார். படிப்பு கூடவில்லை. ஆளும் மாறவில்லை. கவலைதான் குறைந்தது.

வட்டி எவ்வளவு என்று பார்க்காமல் கடன் சீட்டில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் வெட்டுக்கு முன்புதான்.