பரண் மேல் ஒரு பச்சைப் பாவாடை!

போன தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது, பரணிலிருந்து ஒரு துணிக்கடைப் பை பொத்தென்று விழுந்தது. பிரித்துப் பார்த்தால்... பச்சைப் பட்டுப் பாவாடை! மூன்று வருடங்களுக்கு முன் என் பெண்ணுக்காக நானே வெட்டி, நானே தைக்க ஆரம்பித்தது. கொசுவம் வைத்தாகிவிட்டது. பக்கத் தையல் போட்டாகிவிட்டது. இடுப்புப் பட்டியும் கீழ் ஓரமும்தான் பாக்கி. குண்டூசிகூட அப்படியே குத்தியிருந்தது.

அந்த வருடம் தீபாவளிக்கு நாலு நாள் முன்பு சின்னவனுக்குக் காய்ச்சல். அப்புறம் ஆபீஸில் ஆடிட். அதற்கப்புறம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். ‘பொங்கலுக்குப் போட்டுக்கலாம்டா கண்ணு’ என்று சொல்லிப் பையை மேலே வைத்தவள்தான்!

என் பெண் பாவாடையை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கணுக்காலுக்கு நாலு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது.

“அம்மா... இது எனக்கா தைச்சே?”

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. ஆசையாகக் கேட்டாள். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. ஏழு வயதிலிருந்து பத்து வயதுக்குள் குழந்தைகள் வருடத்துக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிறார்கள். துணி வளராதே!

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கும். கைப்பிடி போடாத ஒயர் கூடை, ஒரு பூவோடு நின்றுபோன எம்பிராய்டரி தலையணை உறை, கல் மட்டும் ஒட்டிவிட்டு வண்ணம் தீட்டாத தஞ்சாவூர் ஓவியம், ‘இந்த பர்த்டேக்கு கேக் நானே பண்றேன்’ என்று வாங்கி வைத்து, தேதி முடிந்துபோன பேக்கிங் பவுடர்... அப்பாக்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. பையனுக்காக ஆரம்பித்த புத்தக அலமாரிக்குக் கதவு மாட்ட இன்னும் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவை எனக்குத் தெரியும்!

மனசு ஏன் அரிக்கிறது?

‘சின்ன விஷயம்தானே, இதுக்குப் போய் ஏன் மண்டை காயணும்?’ என்று தோன்றும். ஆனால் மனசு அப்படி விடுவதில்லை. பெர்லினில் ஆராய்ச்சி செய்த புளூமா செய்கார்னிக் என்ற மனோதத்துவ நிபுணர் 1927-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாசி கோர்ப்பது, களிமண்ணில் பொம்மை செய்வது, புதிர் போடுவது என்று சின்னச் சின்ன வேலைகளைப் பலரிடம் கொடுத்தார். பாதி வேலைகளை முடிக்க விட்டார். மீதியை நடுவிலேயே நிறுத்திவிட்டார். பிறகு ‘என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேட்டபோது, முடித்த வேலைகளைவிட நடுவில் நின்றுபோன வேலைகள்தான் அதிகம் ஞாபகத்துக்கு வந்தனவாம்! பின்னாளில் செய்த எல்லாச் சோதனைகளிலும் இதே முடிவு வந்துவிடவில்லை என்றாலும், முடியாத வேலை மனசைத் தட்டிக்கொண்டே இருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த அனுபவம்தானே?

நமக்கு இன்னும் உபயோகமானது 2011-ல் வந்த ஓர் ஆராய்ச்சி. மசிகாம்போ, பாமெய்ஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செய்தது. பாக்கி வேலை ஒன்று மனசில் இருப்பவர்களுக்கு, வேறு ஒன்றைப் படிக்கும்போதுகூட அந்த நினைப்பு குறுக்கே வந்துகொண்டிருந்தது. ஆனால் ‘இந்த வேலையை எப்போது, எப்படிச் செய்யப்போகிறேன்’ என்று தெளிவாகத் திட்டம் போட்டவர்களுக்கு அந்தத் தொந்தரவு குறைந்துவிட்டது. இத்தனைக்கும் அவர்கள் வேலையை இன்னும் முடிக்கவே இல்லை!

ஆக, இன்றைக்கே எல்லாவற்றையும் முடித்தால்தான் நிம்மதி என்பதில்லை. ஒரு முடிவு எடுத்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

முதலில் மூன்று குவியல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாதியில் நிற்பவற்றையெல்லாம் கூடத்தில் கொட்டுங்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முடிப்பது: இப்போதும் யாருக்காவது வேண்டும், இன்னும் கொஞ்ச வேலைதான் இருக்கிறது என்பவை. இதில் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள்.

கொடுப்பது: கஷ்டமான பகுதியைத் தையல்காரரிடம் கொடுத்து முடிக்கலாம். காஜா எடுக்கக் கொடுத்தால் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. குழந்தைக்குச் சின்னதாகிவிட்டால் தங்கை பெண்ணுக்குத் தைக்கலாம்.

விடுவது: ‘ஏன்டா ஆரம்பித்தோம்’ என்று தோன்றுபவை. தையலைப் பிரித்துத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரை உருவிச் சுற்றி வையுங்கள். காசு போயிற்றே என்று வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காசு பரணில் இருந்தாலும் போனதுதானே!

கால் மணி நேரம் போதும்

‘ஒரு நாள் முழுசா கிடைச்சா உட்கார்ந்து முடிச்சிடுவேன்’ என்று காத்திருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்த முழு நாள் எங்கே வரப்போகிறது? ஆனால் கால் மணி நேரம் தினமும் வரும்.

அதற்கு வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அளவெடுப்பது, துணி வெட்டுவது, கழுத்து வளைப்பது இதெல்லாம் கவனம் வேண்டிய வேலை. பிள்ளைகள் ஸ்கூலில் இருக்கும்போதோ தூங்கிய பிறகோதான் செய்ய வேண்டும். நடுவில் ‘அம்மா, ரப்பர் எங்கே?’ என்று ஒரு குரல் கேட்டால் கத்தரி தப்பிவிடும். கீழ் ஓரம் அடிப்பது, கொக்கி வைப்பது, பட்டன் தைப்பது, குரோஷா பின்னுவது இதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதே செய்யலாம்.

இன்னொரு விஷயம். எழுந்திருக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் அடுத்த வேலையை எழுதிக் குத்திவிடுங்கள். ‘அடுத்தது: இடது பக்கம் ஓரம், ஒன்றரை அங்குலம் மடிப்பு.’ இவ்வளவுதான்! பத்து நாள் கழித்து எடுத்தாலும் ‘எங்கே விட்டோம்?’ என்ற குழப்பம் இருக்காது. ஒரு வேலைக்கு வேண்டிய துணி, நூல், கொக்கி, ஊசி எல்லாம் ஒரே டப்பாவில் இருக்கட்டும். கால் மணி நேரத்தில் பத்து நிமிஷம் நூல் தேடியே போய்விடக் கூடாது, பாருங்கள்.

கேக்கை எங்கே நிறுத்தலாம்?

தையலை எங்கேயும் நிறுத்தலாம். கேக் அப்படி இல்லை. சமையல் சோடா, தயிர் மாதிரி புளிப்புள்ள பொருளோடு ஈரத்தில் சேர்ந்த அந்த நிமிஷமே வாயுவை வெளியே விட ஆரம்பித்துவிடும். கேக்கை உப்ப வைப்பது அந்த வாயுதான். ‘கலந்து வச்சிட்டேன், பாப்பாவைக் குளிப்பாட்டிட்டு வந்து அவன்ல வைக்கிறேன்’ என்றால் கேக் கல்லாகிவிடும்.

அதனால் வேலையை இப்படிப் பிரியுங்கள். முந்தின நாள் இரவே மைதா, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாம் சலித்து டப்பாவில் மூடி வையுங்கள். பாத்திரத்தில் பேப்பர் போட்டுத் தயாராக வையுங்கள். மறுநாள் ஈரமானதைச் சேர்ப்பதிலிருந்து அவனில் வைப்பது வரை ஒரே மூச்சு. வெந்த கேக் நன்றாக ஆறிய பிறகுதான் ஐஸிங் பூச வேண்டும், இல்லையென்றால் கிரீம் உருகி வழியும். ஆகவே ஐஸிங்கைத் தாராளமாக அடுத்த நாளுக்குத் தள்ளலாம்.

வெண்ணெய் பிஸ்கட் இன்னும் வசதி. மாவை உருளையாக உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். வேண்டும்போது வட்டமாக நறுக்கி வேகவைத்தால் ஆயிற்று.

முட்டை சேர்த்த மாவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம்கூட அதிகம்தான். கரண்டியை நக்கக் குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள்! பச்சை முட்டையில் மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம்.

பழைய பேக்கிங் பவுடரைச் சோதிக்க, அரை டீஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணீரில் போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது. சும்மா கிடந்தால் குப்பைக்கு.

சோம்பலா, வெள்ளெழுத்தா?

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, “முன்ன மாதிரி ஊசி எடுக்கவே பிடிக்கலைடி, சோம்பேறி ஆயிட்டேன்” என்று புலம்பிக்கொண்டிருந்தார். வயது 43. கண் டாக்டரிடம் போனார். வெள்ளெழுத்து! கண்ணாடி போட்டதும் தலையணை உறை இரண்டே வாரத்தில் முடிந்தது. நாற்பதை ஒட்டிக் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவதுதான். ஊசி கோர்க்க முடியாமல் வேலை நின்றுபோனால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். முதலில் கண்ணைக் காட்டுங்கள்.

நுணுக்க வேலை செய்யும்போது 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். வலது கைக்காரர்களுக்கு விளக்கு இடது பக்கம் இருந்தால் கை நிழல் துணியில் விழாது. மெஷினுக்கு முன் கூன் போட்டு உட்காராதீர்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் இரவில் தூக்கம் கலைகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் குண்டூசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டிவிட்டால், தொலைந்த ஊசி ஒட்டிக்கொண்டு வரும். பட்டன், பாசி மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது. அவனில் கை சுட்டுவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம்.

அந்தப் பச்சைப் பாவாடை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

முதலில் ‘கொடுப்பது’ குவியலில்தான் வைத்தேன். என் பெண் அதை எடுத்து ‘முடிப்பது’ குவியலில் போட்டாள். நல்ல வேளை, பட்டு மடிப்பில் விட்டுப்போகவில்லை. கீழே ஐந்து அங்குலத்துக்கு மஞ்சளில் ஒட்டுப் பார்டர் வைத்தேன். தினமும் ராத்திரி கால் மணி நேரம். பதினோரு நாள் ஆயிற்று. கடைசிக் கொக்கியை அவளே தைத்தாள்.

பொங்கலுக்குப் போட்டுக்கொண்டாள். பார்டர் ஒரு இடத்தில் லேசாகக் கோணல். பிரித்துத் தைக்கலாமா என்று கை பரபரத்தது. அவள் வாசலில் கோலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பாவாடையைக் குடை மாதிரி விரித்துக்கொண்டிருந்தாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.