வானூர்திப் பராமரிப்புப் பதிவேடுகள்

வானூர்திப் பராமரிப்புப் பதிவேடுகள் என்பவை ஒரு வானூர்தி பறக்கத் தகுதியானது என்பதற்குச் சான்றாக விமான நிறுவனங்கள் பேணும் ஆவணங்கள் ஆகும். ஐக்கிய அமெரிக்க விதிகளின்படி, பராமரிப்புப் பணி ஆவணங்கள் பொதுவாக அப்பணி மீண்டும் செய்யப்படும் வரை அல்லது ஓராண்டுக்கு வைத்திருக்கப்பட வேண்டும். ஆயுள் வரம்புடைய பாகங்களின் நிலை போன்ற விவரங்கள், வானூர்தி விற்கப்படும்போது அதனுடன் ஒப்படைக்கப்பட வேண்டும்.

இவ்வாவணங்களின் பயன் விபத்து விசாரணைகளில் தெளிவாகும். 1989 சூலை 19 அன்று யுனைட்டட் ஏர்லைன்ஸ் 232ஆம் பறப்பின் வால்பகுதி எந்திரத்தின் விசிறித் தட்டு உடைந்தது. அயோவா மாநிலத்தின் சூ நகரில் நேர்ந்த இவ்விபத்தில் 112 பேர் உயிரிழந்தனர். அத்தட்டு இறுதியாக 1988 பெப்ரவரியில், 760 பறப்புச் சுழற்சிகளுக்கு முன்னர் சோதிக்கப்பட்டதைப் பதிவேடுகள் காட்டின. அப்போதே இருந்த விரிசல் சோதனையில் கண்டறியப்படவில்லை என விசாரணை முடிவு செய்தது. சோதனை நடந்ததைப் பதிவேடு காட்டும். அதன் தரத்திற்கு அது உறுதியளிக்காது. எனினும், தவறு எக்கட்டத்தில் நிகழ்ந்தது என்பதை அறிய அதுவே வழியாகிறது.