போர் விமானம் ஏன் இறக்கையை மடக்குகிறது?

செங்கல்பட்டு மின்ரயிலில் விரித்த குடையோடு ஏறிப் பாருங்கள், நாலு பேர் திட்டுவார்கள். கோவா கடற்படை வானூர்தி அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய சீ ஹாக் ஜெட்டுக்கும் அதே சங்கடம்தான்.

இந்த ரக விமானங்கள் குடியிருந்தது பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில். இறக்கை விரித்தால் ஏறக்குறைய 12 மீட்டர் அகலம். லிஃப்டில் இறங்கிக் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்து நிற்க வேண்டுமே?

அதனால் இறக்கையின் நடுவே கீல், நம் வீட்டுக் கதவில் இருப்பதுபோல. எண்ணெய் அழுத்தம் தள்ள, வெளிப்பாதி மேலெழுந்து மடியும்.

பறக்கும்போது மடிந்துவிடாதா? விரிந்ததும் தாழ்ப்பாள்கள் பாய்ந்து பூட்டிக்கொள்ளும். சாத்திய கதவைக் காற்றில் காப்பது கீலா, தாழ்ப்பாளா? இங்கேயும் அதேதான். என்ன, எடை கொஞ்சம் கூடும்.

மாமல்லபுரத்தில் நாம் கால் நனைக்கும் இதே வங்கக் கடலிலிருந்துதான், 1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 4 அன்று, சீ ஹாக்குகள் இறக்கை விரித்துப் பறந்துபோய் இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரைத் தாக்கின.