கணக்குக்கு ஒரு மறுபிரதி

மட்டாஞ்சேரி ஜூ டவுனின் மிளகு, ஏலக்காய், சுக்கு வணிகத்தில் தடித்த பேரேடுகளின் இடத்தைக் கணினி பிடித்து ஆண்டுகள் பலவாயின. கொள்முதல், இருப்பு, நிலுவை, வரிக்கணக்கு யாவும் இன்று ஒரே பெட்டிக்குள் அடங்கியுள்ளன. காயலை ஒட்டிய இத்தாழ்வான பகுதியில் கடல் ஏற்றத்தின்போது நீர் புகுவதும் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி விமான நிலையமே இரு வாரங்கள் மூடப்பட்டது. நனைந்த பேரேட்டை உலர்த்திப் படிக்கலாம்; நனைந்த வன்தட்டிலிருந்து கணக்கை மீட்பது எளிதன்று.

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை நாம் காத்தல் வேண்டும். கேஷ் கிரெடிட் பெற்றோர் வங்கிக்கு இருப்பு அறிக்கையும் அளிக்க வேண்டும். இரண்டுக்கும் ஆதாரம் அப்பெட்டியே. எனவே வெளி வன்தட்டு ஒன்று இன்றியமையாதது.

கணினியின் வன்தட்டைவிட இருமடங்கு கொள்ளளவு உடையதை வாங்கி, யூ.எஸ்.பி. வழியே இணைப்போம். ஏற்கெனவே பயன்படுத்திய தட்டாயின், 'ஃபார்மட்' செய்யும் முன் அதிலுள்ளவற்றை வேறிடத்தில் சேமிக்க வேண்டும்; அச்செயல் அனைத்தையும் அழித்துவிடும். விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி', மேக்கில் 'டைம் மெஷின்' ஆகியவை தாமாகவே நகலெடுக்கும். ஆயினும் 'ஃபைல் ஹிஸ்டரி' சில கோப்புறைகளை மட்டுமே நகலெடுக்கும். கணக்கு மென்பொருளின் தரவு அவற்றுக்கு வெளியே இருக்கக்கூடும். அதைத் தனியே சேர்த்தல் அவசியம்.

நகல் முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துத் தட்டைக் கழற்றிவிடுவோம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாகிரை' என்னும் பிணைத்தொகை நச்சுநிரல், வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகத்தையும் விட்டுவைக்கவில்லை. இத்தகைய நிரல்கள் கணினியோடு இணைந்திருக்கும் தட்டையும் பூட்டிவிடும். கழற்றி வைத்ததைத் தீண்டா.

இரண்டு தட்டுகள் இருப்பின் மேலும் நன்று. ஒன்று கடையிலும் மற்றொன்று வீட்டின் உயரமான அலமாரியிலும் இருக்க, வாரந்தோறும் அவற்றை இடம் மாற்றலாம். தட்டுக்குக் கடவுச்சொல்லும் குறியாக்கமும் இடுதல் நலம். களவு போனாலும் கணக்கு பிறர் கண்ணில் படாது. வங்கிக் கடவுச்சொல்லையும் ஏ.டி.எம். இரகசிய எண்ணையும் அதில் ஒருபோதும் எழுதி வைக்கலாகாது.

இறுதியாக ஒன்று: மீட்டுப் பார்க்காத நகலை நம்ப இயலாது. மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பைத் தட்டிலிருந்து திறந்து பார்ப்போம். நிதியாண்டு நிறைவுறும் மார்ச் 31-ஆம் நாளே உலகக் காப்புநகல் நாளாகவும் அனுசரிக்கப்படுகிறது. கணக்கை முடிக்கும் அன்றே அதன் மறுபிரதியையும் எடுத்து வைப்போம்.